சோலர் பனலுக்கு ஒரு வெருளி

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இப்போது சோலர் பனல்கள் இருக்கின்றன. அதற்கு முன் அங்கே என் வகுப்பு இருந்தது. இந்த இரண்டு வசனங்களுக்கும் நடுவில் நடந்ததைத்தான் எழுதப்போகிறேன். எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும். வாயை மூடிக்கொண்டு இருந்தும்தான் என்னத்தைக் கண்டேன்?

பாடசாலையில் ஓய்வு பெற்ற பிறகு, உயர்தரப் பரீட்சை எடுக்கும் பிள்ளைகளுக்குத் தமிழில் பௌதிகவியல் படிப்பித்துவந்தேன். கீழே ஹோல் என் கணவருடையது. அங்கே அவருடைய தொலைக்காட்சி, அவருடைய பத்திரிகை, வங்கியில் அவரோடு வேலை செய்து ஓய்வு பெற்ற நண்பர்கள். வாசலில் பிள்ளைகளின் செருப்புக் குவிந்தால் வீடு மடம் மாதிரி இருக்கிறது என்பார். ஆகவே மாடியில் இரும்புக் கம்பம் நட்டு, தகரம் போட்டு, பிள்ளைகள் இருக்கச் சில வாங்குகளும் ஒரு வெண்பலகையும் வைத்துக்கொண்டேன். மழை பெய்தால் தகரச் சத்தத்தில் நான் சொல்வது கேட்காது. பிள்ளைகள் வாங்குகளை முன்னால் இழுத்துக்கொண்டு வந்து என்னைச் சுற்றி இருப்பார்கள். அந்த மழை நேரத்து வகுப்புகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை.

தெஹிவளை, ஹெவ்லொக் டவுன் என்று பக்கத்து இடங்களிலிருந்துதான் பிள்ளைகள் வந்தார்கள். ஒருத்தி மட்டும் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி வருவாள். தகப்பன் துறைமுகத்தில் வேலை. அவர்கள் பக்கத்தில் டியூஷன் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே பெரிய மண்டபத்தில் சேர் மைக் பிடித்துப் படிப்பிப்பார், இவளுக்குக் கேள்வி கேட்க வழியில்லை. கேள்வி கேட்பதற்காகவே பஸ் ஏறி வந்த பிள்ளை அவள். பொறியியல் பீடத்துக்குப் போகவேண்டும் என்று வாய்விட்டுச் சொல்வாள். மற்றப் பிள்ளைகள் அப்படிச் சொல்ல வெட்கப்படுவார்கள், கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று.

மாடியில் நான் எடுத்த கடைசி வகுப்பு குறைகடத்திகள் பற்றியது. கடைசி வகுப்பு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. சிலிக்கன் பளிங்கில் ஒவ்வொரு அணுவும் பக்கத்து நாலு அணுக்களோடு கைகோத்து நிற்கிறது. அந்தப் பிடிக்குள் இருக்கும் இலத்திரன், அதாவது எலெக்ட்ரோன், தானாக எங்கேயும் போகாது. அதை எழுப்ப ஒரு குறிப்பிட்ட அளவு சக்தி வேண்டும். அந்த அளவுக்குக் குறைந்த ஒளி நாள் முழுக்க விழுந்தாலும் இலத்திரன் அசையாது. சின்னச் சின்னத் தட்டல்களை எல்லாம் சேர்த்துவைத்து ஒருநாள் கதவைத் திறக்கும் வழக்கம் சிலிக்கனுக்குக் கிடையாது. போதிய சக்தியோடு ஒரே ஒரு ஒளித்துணிக்கை வந்தால் போதும், இலத்திரன் எழும்பிவிடும். அது இருந்த இடம் வெறுமையாகும். அந்த வெறுமைக்குத் துளை என்று பெயர்.

இவ்வளவும் சொல்லி வெண்பலகையில் படமும் கீறியாயிற்று. அப்போது அவள் கை உயர்த்தினாள்.

“எழும்பின இலத்திரனை ஒருத்தரும் எடுக்காட்டி என்ன ஆகும் மிஸ்?”

கொஞ்சம் அலையும், பிறகு ஏதாவது ஒரு துளைக்குள் விழுந்துவிடும், வாங்கின சக்தி சூடாகப் போய்விடும் என்றேன். அப்படியென்றால் வெயில் பட்டதெல்லாம் சும்மாவா என்று கேட்டாள். சும்மாதான் என்றேன்.

“அப்ப அது விழாம இருக்க என்ன செய்யணும்?”

நல்ல கேள்வி. சூரியக் கலத்தின் முழுச் சங்கதியும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. ஆனால் நேரம் முடிந்துவிட்டது, அவளுக்கு பஸ் பிடிக்க வேண்டும். அது அடுத்த வகுப்பு என்று சொன்னேன். படத்தை அழிக்க வேண்டாம், அதிலிருந்தே தொடங்குவோம் என்று சொல்லிப் பிள்ளைகளை அனுப்பினேன்.

சோலர் போடும் யோசனை என் மச்சாளுடையது. மச்சாள் என்றால் என் கணவரின் தமக்கை. கனடாவில் இருந்துகொண்டு தொலைபேசியில் எங்கள் வீட்டை நடத்துகிறவர். இந்தப் பகுதியில் எல்லோரும் போடுகிறார்கள், நீயும் போடு என்று தம்பிக்குச் சொல்லிவிட்டார். தம்பி அக்காவின் சொல்லைத் தட்டியதில்லை. என் சொல்லைத்தான் தட்டுவார். சோலர் கம்பனியின் முகவர் ஒருவர் வந்து, மாடியை அளந்து, கொட்டகை கழற்றத்தான் வேண்டும் என்றார்.

நான் ஒரு கடதாசியில் படம் கீறிக் காட்டினேன். தகரத்தை எடுங்கள், ஆனால் பனல்களை ஆள் உயரத்துக்கு மேலே இரும்புச் சட்டத்தில் போடுங்கள், அதுவே கூரையாக இருக்கட்டும், கீழே வகுப்பு நடக்கட்டும் என்றேன். வகுப்புக்காக மட்டும் சொல்லவில்லை. சிலிக்கன் சூடேறினால் அதன் வோல்ற்றளவு குறையும். அதற்கு வேண்டியது வெளிச்சம், வெக்கை இல்லை. கீழே காற்றோட்டம் இருந்தால் பனல் அவ்வளவு சூடாகாது. முகவர் சிரித்தார். வெயில் கூடினால் கரண்ட் கூடும் ஆன்ட்டி என்று சிங்களத்தில் எனக்குப் பாடம் எடுத்தார். என் கணவரும் அவரோடு சேர்ந்து சிரித்தார்.

“அவங்களுக்குத் தெரியாததே உமக்குத் தெரியும்? சும்மா இரும்.”

முற்றத்து மல்லிகை மணக்காது என்று சும்மாவா சொன்னார்கள். முப்பது வருசத்துக்கு மேலாக நான் மற்றவர்களின் பிள்ளைகளுக்கு இதைத்தான் படிப்பித்தேன். அவர்களில் எஞ்சினியர்கள் இருக்கிறார்கள். என்னோடு ஒரே கட்டிலில் படுக்கும் மனிதருக்கு நான் தேத்தண்ணி போடத் தெரிந்த ஒரு ஆள், அவ்வளவுதான்.

என்றைக்கு வேலை தொடங்குகிறார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலில் எங்கள் சொந்தக்காரரின் அபிஷேகம் ஒன்று இருந்தது, காலையிலேயே போய்விட்டேன். விபூதியும் பிரசாதமுமாகத் திரும்பி வந்து மாடி ஏறினால், கொட்டகை இல்லை. தகரங்கள் ஒரு மூலையில் அடுக்கிக் கிடந்தன. வாங்குகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வெண்பலகை கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தது, யாரோ ஒருவனின் முதுகு உரசி என் படத்தில் பாதி அழிந்திருந்தது. பிரசாதத்தைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். அழவில்லை. எனக்கு வந்தது கோபம். அது இன்றுவரைக்கும் போகவில்லை.

சூமில் எடுக்கலாமே, இப்போது உலகமே சூமில்தானே என்றார் என் கணவர். எடுத்தேன். மகன் வெளிநாடு போன பிறகு சும்மா கிடந்த அவனுடைய அறையில் இருந்து, கறுப்புச் சதுரங்களைப் பார்த்துப் படிப்பித்தேன். சதுரங்களுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா, நித்திரை கொள்கிறார்களா என்று தெரியாது. கொட்டாஞ்சேனைப் பிள்ளையின் வீட்டில் ஒரு தொலைபேசிதான். அதுவும் தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். அவர் வீட்டில் நிற்கும் நாட்களில் வந்தாள். வீட்டுச் சத்தமும் தெருச் சத்தமும் கலந்து அவளுடைய குரல் வெட்டி வெட்டிக் கேட்டது. கேள்வியைப் பாதி கேட்பாள், மீதி அறுந்துவிடும். நான் அந்த அடுத்த பாடத்தைப் படிப்பித்த நாளில் அவள் இல்லை. பிறகு வரவேயில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான்.

இதற்கிடையில் வீட்டில் ஒரு புதிய விஞ்ஞானி உருவானார். பனல் பூட்டிய நாளிலிருந்து என் கணவர் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பது போலத் தொலைபேசியில் மின் உற்பத்தி பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் மெல்ல எழும்பி, மத்தியானம் உச்சிக்குப் போய், பின்னேரம் இறங்கும் ஒரு வளைகோடு. வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவார். பக்கத்து அடுக்குமாடியில் இருக்கும், புதுக்கடைக் கோட்டுக்குப் போகும் சட்டத்தரணிக்கு ஒருநாள் ஹோலில் வைத்து விளக்கம் கொடுத்தார். வெயில் பனலுக்குள் போய்க் கரண்டாக மாறுகிறதாம், தண்ணீர் ஐஸ் ஆவது மாதிரியாம். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். வெயில் மாறுவதில்லை, வெயில் எழுப்பிவிடுகிறது. எழும்பியதைப் பிடித்து இழுப்பது வேறொன்று என்று சொல்ல வாயெடுத்தேன். சீனி கொண்டுவரச் சொன்னார்.

அந்த வேறொன்றை இங்கேயாவது சொல்லிவிடுகிறேன். சிலிக்கனின் ஒரு பக்கத்தில் பொசுபரசு கொஞ்சம் கலப்பார்கள், அங்கே இலத்திரன் மிச்சமாக இருக்கும். மறுபக்கத்தில் போரன், அங்கே இலத்திரனுக்குத் தட்டுப்பாடு. இரண்டும் சந்திக்கும் இடத்தில், சந்தி என்பார்கள் அதை, கொஞ்ச இலத்திரன்கள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடும். போன பிறகு அங்கே ஒரு எல்லை உண்டாகிவிடும், ஒரு புறம் நேர் ஏற்றம், மறுபுறம் மறை ஏற்றம். வெயில் பட்டு எழும்பும் இலத்திரன் அந்த எல்லைக்குக் கிட்ட வந்தால், எல்லை அதை ஒரு பக்கமும் துளையை மறுபக்கமும் இழுத்துவிடும். பிறகு இலத்திரன் நேராகத் திரும்பிப் போக முடியாது. வெளியே கம்பியால், வீட்டு விசிறியையும் விளக்கையும் சுற்றிக்கொண்டுதான் தன் துளைக்குப் போகவேண்டும். அந்தச் சுற்றுத்தான் மின்சாரம். எல்லை என்றாலே இந்த நாட்டில் இரத்தம்தான். எல்லையால் வெளிச்சம் வந்தது சிலிக்கனில் மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் ஊர் முழுக்கக் கரண்ட் போனது. என் கணவர் நண்பர்களைக் கூப்பிட்டு வைத்திருந்தார், எங்கள் வீட்டில் விசிறி நிற்காது என்று காட்டுவதற்கு. விசிறி நின்றது. மேலே வெயில் கொட்டுகிறது, கீழே எல்லோருக்கும் வியர்க்கிறது. அவர் சுவிச்சுகளைப் போட்டுப் போட்டு நூர்த்தார். பூட்டியிருக்கும் இன்வேர்ட்டர் ஊர்க் கம்பியைப் பார்த்து ஓடுகிற வகை, அந்தக் கம்பி செத்தால் தானும் நின்றுவிடும், இல்லாவிட்டால் நம் கரண்ட் கம்பியில் ஏறி, திருத்துவதற்குப் போஸ்ட்டில் ஏறியவனைக் கொன்றுவிடும் என்று சொன்னேன். பற்றரி இல்லாமல் கரண்ட் வெட்டுக்கு இது உதவாது என்று வாங்கும்போதே சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் முகவருக்குத் தொலைபேசி எடுத்தார். முகவரும் இதையே சொன்னார். என் கணவர் ஹோலுக்குத் திரும்பி வந்து, நண்பர்களுக்கு முன்னால், இதை எனக்கு விளங்கப்படுத்தினார்.

இனி வெருளிக்கு வருகிறேன்.

மச்சாள் ஒருநாள் வீடியோவில் மாடியைப் பார்க்கக் கேட்டார். இவர் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு சுற்றிக் காட்டினார். எங்கள் ஒழுங்கையில் பழைய வீடு எங்களுடையதுதான், மற்றவை அடுக்குமாடிகள். மாடி மாடியாக பல்கனிகள், பல்கனி பல்கனியாக ஆட்கள், துணி காயப்போடுகிறவர்கள், தொலைபேசியில் கதைக்கிறவர்கள். மச்சாள் பனலைப் பார்க்கவில்லை. அவர்களைத்தான் பார்த்தார்.

“அவ்வளவு பேரும் மேல நிண்டு பாக்கினம். கண்ணூறு படாமல் என்ன செய்யும்? உடன ஒண்டு கட்டு.”

நீத்துப்பூசணி கட்டினால் கடற்காற்றில் அழுகிவிடும் என்பதால், வீடு கட்டும் இடங்களில் நிறுத்துவது போல ஒரு வெருளிப் பொம்மை நிறுத்துவதென்று முடிவானது. இவரே இருந்து செய்தார். தன்னுடைய பழைய வங்கிக் களிசான், வெள்ளை நீளக்கைச் சட்டை, உள்ளே தும்பு. தலைக்கு ஒரு கறுத்தச் சட்டியைக் கவிழ்த்து, சுண்ணாம்பால் கண்ணும் பல்லும் வைத்தார். அதைப் பைப்பில் கட்டி, பனல்களுக்குத் தெற்கே கைப்பிடிச் சுவரோரம் நிறுத்தினார். ஒழுங்கையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் இவரே மாடியில் நிற்பது மாதிரி இருந்தது. வேலைக்குப் போன காலத்திலும் இவ்வளவு விறைப்பாக நின்றிருப்பாரோ தெரியாது.

நிறுத்தியது வருசத்தின் நடுப்பகுதியில். அப்போது கொழும்பில் சூரியன் எங்களுக்கு வடக்குப் பக்கமாக நிற்கும். வெருளியின் நிழல் தெற்கே சுவருக்கு வெளியே ஒழுங்கையில் விழுந்தது. ஒரு சேதமும் இல்லை. மழைக்காலம் நெருங்க நெருங்க சூரியன் தெற்கே இறங்கியது, நிழல் மெல்ல மெல்லச் சுவர் ஏறி உள்ளே வந்து பனல்களின்மேல் படுத்தது. தொலைபேசியில் வளைகோட்டை யாரோ கடித்துத் தின்ற மாதிரி ஒரு பள்ளம்.

என் கணவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் சொன்னேன், வெருளியின் நிழல் விழுகிறது என்று. ஒரு ஆள் அளவு நிழல்தானே, அவ்வளவு பெரிய பனல்களை என்ன செய்யும் என்று கேட்டார். கேட்டதே பெரிய விசயம் என்று நினைத்து, இருத்திவைத்துச் சொன்னேன். பனலில் கலங்கள் எல்லாம் தொடராகத்தான் கோத்திருக்கின்றன. ஒன்றுக்குள் போகும் ஓட்டம்தான் எல்லாவற்றுக்குள்ளும் போகவேண்டும். நிழலில் இருக்கும் கலத்தால் அவ்வளவு ஓட்டம் கொடுக்க முடியாது. வெயிலில் இருக்கும் மற்றவை அதைச் சும்மா இருக்க விடுவதுமில்லை. அவை தள்ளும் ஓட்டத்தை அது தாங்கவேண்டும், தாங்கித் தாங்கிச் சூடாகும். அதற்காகப் பின்புறத்தில் சில கலங்களுக்கு ஒன்றாக இருவாயி, டயோட் என்பது, பொருத்தியிருப்பார்கள், ஓட்டம் அதன்வழியே சுற்றிப் போய்விடும். அந்தப் பகுதியின் கரண்ட் போகும், ஆனால் கலம் தப்பும். இருவாயி பழுதானால் கலம் கருகும். சொல்லிக்கொண்டு போகும்போதே நான் யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. குடும்பத்தில் யாரும் இருவாயி பொருத்துவதில்லை.

“அது தொடக்கத்தில இருந்து நிக்குது. அப்ப விழாத நிழல் இப்ப எங்கால வந்தது?”

சூரியன் தெற்கே போய்விட்டது என்றேன். தட்சிணாயனம் ஆடியிலேயே தொடங்கிவிட்டதே என்று சிரித்தார். பஞ்சாங்கத்தில் சூரியன் தெற்கே போகலாம், எங்கள் மாடியில் போகக்கூடாது. விசயம் கனடாவுக்குப் போனது. பார்த்தாயா, கண்ணூறு பட்டுவிட்டது, நான் அப்போதே சொன்னேனே என்றார் மச்சாள். அவருடைய சொற்படி வெருளியின் கழுத்தில் தேசிக்காயும் செத்தல் மிளகாயும் கோத்துக் கட்டினார்கள். வெள்ளவத்தைக் காகங்கள் வெருளியின் தோளில் குந்தத் தொடங்கின. குந்தின காகம் சும்மா இருக்குமா, பனல்களின்மேல் வெள்ளையாகப் போட்டுவைத்தது. அதுவும் நிழல்தான்.

இவர் வெளியே போயிருந்த ஒருநாள், நானே கட்டை அவிழ்த்து வெருளியைப் பைப்போடு சுவருக்கு வெளியே சாய்த்துவிட்டேன். அன்றைய வளைகோடு குறையில்லாமல் எழும்பியது. அவர் வந்ததும் காட்டினேன். அன்றைக்கு மேகம் இல்லை என்றார். மேலே போய் வெருளியைத் திரும்ப நிமிர்த்திக் கட்டினார், இந்த முறை கம்பியால்.

தைப்பொங்கலை மாடியிலேயே வைத்துக்கொண்டோம். வகுப்பு நடந்த இடத்தில், பனல்களுக்குப் பக்கத்தில், கல்லு வைத்துப் பானை ஏற்றினோம். பால் பொங்கியது. இவர் குளித்து வேட்டி கட்டி, கிழக்கே பார்த்துக் கைகூப்பி, சூரியனுக்கு நன்றி சொன்னார். அவருக்குப் பின்னால், அவருடைய களிசானின் நிழல் பனல்களுக்குக் குறுக்கே நீட்டிக் கிடந்தது. பானைக்கு முன்னால் இருந்தபடி அதைப் பார்த்தேன். பொங்கல் தண்டவாளத்துக்கு அப்பால் கடல் வரைக்கும் மணத்திருக்கும். ஒருக்கால் திரும்பிப் பாருங்கோ என்றேன். நல்ல நாளில் எதிர்ச்சொல் வேண்டாம் என்றார், திரும்பாமலே.

பொங்கல் முடிந்த பிறகுதான் கம்பனியிலிருந்து ஒரு பொடியன் வந்தான். மாடி ஏறினான். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“ஹெவனெல்ல, அங்கிள்.”

சிங்களத்தில் நிழல் என்று அர்த்தம். என் கணவர் உடனே நம்பினார். இவ்வளவு காலம் நான் தொண்டை கிழியச் சொன்னதை ஒரு சொல்லில் நம்பினார். ஒரு பனலில் கலம் ஒன்று கபில நிறமாகக் கருகியிருப்பதைப் பொடியன் காட்டினான், பின்னால் இருந்த இருவாயி பழுதாகிவிட்டதாம். பனல்களை உயரமான சட்டத்தில் தூக்கிப் போட்டால் இப்படிச் சின்னச் சாமான்களின் நிழல் விழாது, கீழே காற்றும் ஓடும், சூடு குறையும் என்றான். நல்ல பொடியன், தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தான். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

அவன் போன பிறகு, இதைத்தான் முதலிலிருந்தே நான் சொன்னனான் என்றேன்.

“நீர் சொன்னது வேற. அவர் விளங்கப்படுத்தினார்.”

அந்த வசனத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சண்டை பிடித்திருக்கலாம். ஆனால் தேவைக்கு மேல் சக்தியோடு வரும் ஒளியாலும் பெரிய பயனில்லை, மிச்சம் எல்லாம் சூடாகத்தான் போகும். கீழே வந்து உலை வைத்தேன். வெருளியை அவிழ்த்தார். சட்டியை எறிந்தார். களிசானை மட்டும் தோய்த்து மடித்து அலுமாரியில் வைத்துக்கொண்டார்.

இரும்புச் சட்டம் வந்தது. பனல்கள் ஆள் உயரத்துக்கு மேலே ஏறின. நான் கடதாசியில் கீறிக் கொடுத்த படம்தான், ஒரு கோடு மாறாமல் அப்படியே எழும்பி நின்றது. கீழே வாங்கு போடத்தக்க நல்ல நிழல், கடற்காற்று. என் கணவர் என்னை மேலே கூட்டிக்கொண்டு போனார். முகம் நிறையச் சந்தோசம். ஒரு வஞ்சகமும் இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

“இப்ப நீர் உம்மட கிளாஸை இதில எடுக்கலாம். உமக்காகவும்தான் உயர்த்தினனான்.”

கண் கெட்டாப் பிறகு சூரிய நமஸ்காரம் என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார். அந்தப் பகிடியை அன்றிரவே மச்சாளுக்கும் சொன்னார்.

வெண்பலகையைத் துடைத்து நிறுத்தினேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டேன். ஒருவரும் வரவில்லை. என்னோடு இருந்த பிள்ளைகள் சோதனை எழுதி முடித்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்கள் மைக் பிடிக்கும் சேர்மாரின் மண்டபங்களில் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்னைத் தெரியாது. பிள்ளைகளுக்கு உயர்தரம் படிக்கும் வருசம் ஒருமுறைதான் வரும். நாங்கள் இடம் தேடி முடிக்கும்வரை அது காத்துக்கொண்டிருக்காது. இப்போது பின்னேரங்களில் என் வாங்குகளில் இவருடைய வங்கி நண்பர்கள் இருந்து காற்று வாங்குகிறார்கள். வெண்பலகையில் காட்ஸ் விளையாட்டின் புள்ளிகளைப் போடுகிறார்கள். தேத்தண்ணி நான்தான் கொண்டுபோகிறேன்.

போன மாதம் காலி வீதியில் ஒரு புடவைக் கடைக்கு, சட்டைத் துணி வெட்ட வேண்டுமென்று போனேன். நீளமான மேசைக்குப் பின்னால் நின்ற பெண், கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு மிஸ் என்றாள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை. கடைச் சீருடை, கழுத்தில் அளவு நாடா. மற்றவளை விலக்கிவிட்டு, மிஸ்சுக்கு நானே வெட்டித் தருகிறேன் என்று துணியை இழுத்தாள். பௌதிகத்தில் சித்தியடையவில்லையாம். தகப்பனுக்கு முதுகு நோவு, துறைமுக வேலை முந்தின மாதிரி இல்லையாம். இரண்டாம் முறை எடுக்கலாமே என்று நான் சொல்லத் தொடங்க, ஓம் மிஸ், பார்ப்போம் என்றாள். அந்தப் பார்ப்போம் என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

எங்கள் வீட்டில் சோலர் போட்டிருப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. நல்லாக் கரண்ட் வருகிறதா என்று கேட்டாள். வருகிறது என்றேன். துணியை மடித்து அளந்து, கத்தரிக்கோலை வைத்த இடத்தில் கையை நிறுத்தினாள்.

“மிஸ், அண்டைக்கு நான் ஒண்டு கேட்டேன், நீங்க அடுத்த கிளாஸ்ல சொல்றன் எண்டு சொன்னீங்க. எழும்பின இலத்திரன் விழாம இருக்க என்ன செய்யணும் எண்டு.”

எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் சொன்னேன்.

“பக்கத்திலேயே ஒரு சந்தி இருக்க வேணும் பிள்ளை. அது எழும்பின உடனேயே, விழ முதல், அந்தப் பக்கம் இழுத்துவிட.”

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“அவ்வளவுதானா மிஸ்?”

“அவ்வளவுதான்.”

துணியை நேராக வெட்டி, மடித்து, பையில் போட்டுத் தந்தாள். பிறகு எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, உங்களுக்கு எத்தனை மீற்றர் என்று கேட்டாள்.